கியர்பெட்டி எண்ணெய் போன வழி

மருதாசலம் தன் காரின் கியர்பெட்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய், தட்டில் நிறைந்து, தட்டின் விளிம்பில் ஏறி மறுபக்கம் இறங்கி, கேட்டுக்கு அடியில் நுழைந்து வீதிக்குப் போய், போகிற வழி தனக்குத் தெரியும் என்பது போல இடது ஓரமாகவே நடக்கத் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பம்புசெட் பட்டறை வீதியில் இருந்த ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இட்லிக்கடை பாப்பாத்தி தன் பெஞ்சைச் சுவர்ப் பக்கம் அரையடி தள்ளிப் போட்டாள். துணி தேய்க்கும் ஆறுச்சாமி தன் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு அதற்கு வழி விட்டான். மழைக்காலத்தில் தண்ணீர் வரும், தேர்க்காலத்தில் தேர் வரும், இன்றைக்கு எண்ணெய் வருகிறது, அதற்கென்ன இப்போது என்று வீதி அதை எடுத்துக்கொண்டது.

ஆச்சரியப்பட்டவர் மருதாசலம் ஒருவர்தான். அவரும் எண்ணெய் நடந்ததற்காக ஆச்சரியப்படவில்லை, கணக்குத் தப்பியதற்காகத்தான். வெளியே வந்தது எவ்வளவோ அவ்வளவு புது எண்ணெய் உள்ளே போக வேண்டும். ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் கியர்பெட்டி கெட்டுவிடும். அவர் உள்ளே போய் அளவுக் குடுவையைத் துடைத்து எடுத்து வருவதற்குள் தட்டு காலியாகிவிட்டது.

அந்தக் கார் வெளிநாட்டுக் கார். கறுநீல நிறம், பஞ்சுப் பொதியில் கை அமுங்குவது போலச் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் கதவுகள், கன்றுக்குட்டித் தோல் போன்ற இருக்கைகள். வீதியில் அதற்குக் கப்பல் என்று பெயர். மருதாசலமும் அவருடைய கூட்டாளி சென்னியப்பனும் சேர்ந்து நடத்திய பம்புசெட் பட்டறை நன்றாக ஓடிய காலத்தில் இருவரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஒன்றாக வாங்கி வந்தது. பிறகு பட்டறை பிரிந்தது. ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினால் சூடேறாமல் ஓடும் என்று இருவரும் மாதக்கணக்கில் சுற்றியும் அவிழ்த்தும் சுற்றியும் அவிழ்த்தும் கண்டுபிடித்த கணக்கை, சென்னியப்பன் தன் மச்சினனுக்குச் சொல்லிவிட்டார். மச்சினன் எதிர்ப்பட்டறைக்காரன். லேத்துகள் சென்னியப்பனுக்கும் கப்பல் மருதாசலத்துக்கும் என்று பாகம் பிரிந்த அன்று, மருதாசலம் வீதியின் நடுவில் நின்று, அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாதவர், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

“இனிமே அவன் பேரு இந்த வீதியில ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாது. வந்துச்சுன்னா மறுநாள் நான் இந்த வீதியில இல்ல.”

வீதிக்கு மருதாசலம் வேண்டியிருந்தது. பொதுக் குழாயின் மோட்டாரைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறவர் அவர். அதனால் வீதி அந்தப் பெயரைக் கழற்றி வைத்தது. அதே பெயர் கொண்ட பால்காரர் வெறும் பால்காரர் ஆனார். புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. சென்னிமலைக்குப் போகிற பேருந்தை மலை பஸ் என்றார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதே வீதியின் நாக்குக்கு மறந்துபோனது போல இருந்தது.

சில மாதங்களாகக் கப்பல் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது பிடரியில் கை வைத்துத் தள்ளுவது போல ஒரு தள்ளுத் தள்ளியது. ஷோரூமில் கேட்டதற்கு, அந்தக் கியர்பெட்டி எண்ணெய் ஆயுசுக்கும் ஒன்றுதான், அதை மாற்றக் கூடாது, தொடவே கூடாது என்று கழுத்துப்பட்டை கட்டிய பையன் சொன்னான். யார் ஆயுசு என்று மருதாசலம் கேட்டார். தானே மாற்றுவது என்று வீட்டுக்கு வந்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்து, ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்து, மறுபடியும் வைத்துப் பார்த்து, வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று சோதித்து, அதன் பிறகுதான் வடிக்கும் போல்ட்டைத் திறந்தார். சாதாரணமாக வடித்தால் பாதி எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும், எவ்வளவு குலுக்கினாலும் வராது. அன்று எல்லாமே கிளம்பி வந்தது. வந்து, நடந்தது.

மருதாசலம் கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தபோது எண்ணெய் வேகத்தடையில் நிதானித்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள், பந்து எண்ணெயில் பட்டால் ஒரு ரன் என்று முடிவு செய்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். வழுக்கும் என்று யாரோ மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார்கள். எண்ணெய் அதைச் சுற்றிக்கொண்டு போனது. வாசல் தெளித்த பெண்கள் கோலத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் போட்டார்கள்.

“ஏனுங்ணா,” என்றான் ஆறுச்சாமி, தேய்த்துக்கொண்டிருந்த வேட்டியிலிருந்து தலை நிமிராமல், “இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாச்சுங்களே? கப்பலு சனிக்கெழமதானுங்களே அந்தப் பக்கம் போவும்?”

“வாயை வெச்சுக்கிட்டு இர்றா,” என்றாள் பாப்பாத்தி சட்டென்று. “வேட்டி கருகுது பாரு.”

வேட்டி கருகவில்லை. இஸ்திரிப் பெட்டி வேட்டியின் மேலேயே இல்லை. மருதாசலம் பெட்டியைப் பார்த்தார், பாப்பாத்தியைப் பார்த்தார், ஆறுச்சாமியைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“கா... காரமடைப் பக்கந்தானுங்ணா,” என்றான் ஆறுச்சாமி. “பெருமாள் கோயிலுக்கு.”

சனிக்கிழமை தோறும் மருமகள் இந்துமதி கப்பலை ஓட்ட, மனைவி நாகரத்தினம் காரமடைப் பெருமாளைப் பார்க்கப் போய் வருவது மருதாசலத்துக்குத் தெரிந்ததுதான். திரும்பும்போது தூக்குப் போசியில் புளியோதரை வரும். பெருமாள் கைப்பக்குவம் வருசத்துக்கு வருசம் கூடிக்கொண்டே போகிறது என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் காரமடைக்கு வீதி முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். எண்ணெய் முனைக்குப் போய், எதிரே வந்த டெம்போவுக்கு நின்று வழிவிட்டு, வலது பக்கம் திரும்பியது.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவும் தோன்றாமல், எண்ணெய்க் கறை படிந்த பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, செருப்பில்லாமல் மருதாசலம் அதன் பின்னால் நடந்தார்.

“ஏனுங்க!” என்று வீட்டு வாசலிலிருந்து நாகரத்தினம் கூப்பிட்டாள். “அது போனாப் போவுதுங்க. உடுங்க. பலகாரம் ஆறிப்போவுது.”

“அண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க,” என்றாள் பாப்பாத்தி.

“மருதண்ணா, நம்மூட்டு மோட்டாரு ஒரு மாதிரி உறுமுதுங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க,” என்று மாடியிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாசலத்தை இத்தனை பேர் கூப்பிடுவதில்லை. அவர் நடக்க நடக்க, கூப்பிடுகிற குரல்கள் கூடிக்கொண்டே வந்தன. ஒருவர்கூட எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நடக்கிற எண்ணெயைப் பார்த்து வீதி ஏன் வாய் பிளக்கவில்லை என்றால், அது போய்ச் சேருகிற இடம் வீதிக்கு முன்பே தெரியும். தெரிந்த வழியில் தெரிந்த ஒன்று போகும்போது அது சக்கரத்தில் போனால் என்ன, வயிற்றால் ஊர்ந்து போனால் என்ன.

எண்ணெய் பெட்ரோல் பங்க்குக்குள் ஒரு வளைவு வளைந்து காற்றடிக்கும் இடத்தில் சற்று நின்று கிளம்பியது. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கை காட்டும்வரை காத்திருந்து, அவர் கை காட்டியதும் போனது. காவலர் பின்னால் வந்த மருதாசலத்துக்கும் சேர்த்துக் கை காட்டினார். ரயில்வே கேட்டில் கோவையை நோக்கிப் போன வண்டி கடக்கிற வரைக்கும் அது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றது, என்ஜின் அணைக்காத கார் போல.

கேட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய வீடு இருக்கிறது என்பது மருதாசலத்துக்குத் தெரியும்.

முதலில் உடம்பு முழுக்க எரிந்தது. என் வண்டியில், நான் போட்ட பெட்ரோலில், என் பெண்சாதி, என் மருமகள். பிறகு அந்த எரிச்சலுக்கு அடியில், அவர் வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த வேறொன்று அசைந்தது. சென்னியப்பன் ஒருநாள் முதலில் வருவார், வாசலில் வந்து நிற்பார் என்று அவர் காத்திருந்தார். வந்தால் சொல்வதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார். பிரிந்த புதிதில் அது நீளமான பேச்சு, துரோகி என்று தொடங்கிக் காறித் துப்புவதில் முடிகிற பேச்சு. ஆண்டுக்கு ஆண்டு அதை லேத்தில் கொடுத்துக் கடைவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுத்ததில், சுருள் சுருளாகக் கோபம் எல்லாம் உதிர்ந்துபோய், இப்போது கையில் மிஞ்சியிருந்தது இரண்டே சொல்: வா, உக்காரு. அவன் வரவில்லை. சரி, எண்ணெய் அவன் வாசலுக்குப் போய்விட்டது, எண்ணெயை எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் யாருக்கும் தோல்வி இல்லை. ரயில் கடந்ததும் எண்ணெய்க்கு முன்னால் மருதாசலம் தண்டவாளத்தைத் தாண்டினார்.

அந்த வீட்டு வாசல் வேப்பமரத்தடியில், ஒரு கார் நின்று நின்று புல் முளைக்காமல் போன இடத்தில், எண்ணெய் வந்து வட்டமாகத் தேங்கியது. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள். எண்ணெயை ஒரு பார்வை பார்த்தாள், அவருடைய கால்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“வாங்ண்ணா,” என்றாள். “வெறுங்காலோட வந்திருக்கீங்க. தார்ரோடு சுட்டிருக்குமே.”

“அவன் எங்க?”

மயிலாத்தாள் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். எதிர்ச்சுவரில் சென்னியப்பன் சட்டத்துக்குள் இருந்தார். மாலை போட்டிருந்தது. சட்டத்துக்கு மேலே ஒரு சிறிய சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“எப்ப?” என்று மருதாசலம் கேட்டார்.

“பங்குனியிலீங்க. உத்திரம் கழிஞ்சு மூணாம் நாளு. கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க.”

“யாரு யாருக்குத் தெரியும்?”

“எல்லாத்துக்குந்தானுங்க.” அவள் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள். “உங்க வீதியே வந்துச்சுங்க. ஒரு குறை வெக்கல. பாப்பாத்தி அக்கா வந்த சனத்துக்கெல்லாம் சமைச்சுப் போட்டாங்க. பாடைக்கு முன்னால தோள் குடுத்தது ஆறுச்சாமிதானுங்க. நாகு கருமாதி வரைக்கும் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டா.”

அந்த இடம் என்னுடையது என்று மருதாசலம் நினைத்தார். முன்னால் வலது தோள், அது என்னுடைய இடம்.

பங்குனியில் ஒருநாள் வீதி மூடிக் கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. இட்லிக்கடை இல்லை, சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார்கள். இஸ்திரி இல்லை, கரி நனைந்துவிட்டது என்றார்கள். நாகரத்தினம் உடுமலையில் தங்கைக்குக் காய்ச்சல் என்று கிளம்பிப் போயிருந்தாள். அவர் மூலைக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு, காலி வீதியில் தனியாக உட்கார்ந்து பொதுக்குழாய் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் எல்லாரும் ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். ஊரே ஒண்ணா முங்கிட்டு வந்திருக்கீங்களே என்று அவர் சிரித்தார். வெயிலு தாங்கலீங்களே அண்ணா என்று பாப்பாத்தியும் சிரித்தாள். அவள் கண் சிவந்திருந்ததை அடுப்புப் புகை என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

“உக்காருங்ண்ணா,” என்றாள் மயிலாத்தாள். “புளிச்சோறு இருக்குது. உங்களுக்குப் புடிக்குமே.”

அவர் உட்காரவில்லை.

திரும்பி வருகிற வழியில் அவர் எண்ணெய்ச் சுவட்டில் கால் வைக்காமல் நடந்தார். வீதி அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மருதாசலம் இட்லிக்கடை முன்னால் நின்றார்.

“ஏன் பாப்பாத்தி?” என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “சொல்லலாம்னுதானுங்ணா எல்லாரும் தண்ணித் தொட்டிகிட்டக் கூடுனோம். அவரு போயிட்டாருன்னு சொன்னா எவரு போயிட்டாருன்னு கேப்பீங்க. உங்க கூட்டாளின்னு சொன்னா எனக்குக் கூட்டாளியே இல்லைம்பீங்க. பேரைச் சொன்னா வீதியை விட்டே போயிருவேன்னு சொல்லியிருக்கீங்க. ராவெல்லாம் பேசிப் பாத்தோம், வழியே கிடைக்கல.”

“பேனரு வெச்சோமுங்ணா,” என்றான் ஆறுச்சாமி, அதுவும் ஒரு நல்ல காரியம் என்பது போல. “கண்ணீர் அஞ்சலி போட்டு. படமெல்லாம் நல்லா வந்திருந்துச்சு. உங்க கண்ணுல பட்டு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அடுத்த வீதியில கட்டுனோம்.”

“உங்க சொல்லைக் காப்பாத்துனோமுங்க,” என்றாள் பாப்பாத்தி. அவள் குரலில் பொய் இல்லை. அதுதான் மருதாசலத்தால் தாங்க முடியாததாக இருந்தது. ஒருவனாவது குசும்புக்காக மறைத்திருந்தால் அவனுடைய சட்டையைப் பிடித்திருக்கலாம். வீதி முழுக்க ஒன்றுகூடி, அன்பாக, ஒழுங்காக, அவர் கேட்டபடியே அவரை ஏமாற்றியிருந்தது.

வீட்டில் கப்பல் தாங்கிகளின் மேல் வயிறு காலியாக நின்றது. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் மருதாசலத்துக்குக் கிடையாது. யாரிடமும் பேசாமல் அடியில் போய்ப் படுத்து, கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, தட்டின் காந்தங்களில் மை போல ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்து, புது ரப்பர் வைத்துத் தட்டை மாட்டினார். அளவு தப்பிப்போனதால், புது எண்ணெயைக் கைப்பம்பு வைத்து ஊற்றும் வாய் வழியாக அது நிரம்பி வழிகிற வரைக்கும் ஏற்றினார். இனி என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க மேலே ஒருவர் வேண்டும். அடியில் படுத்திருப்பவர் எண்ணெய் சூடேறி நூல் போல வழிகிற அந்த நேரத்தில் போல்ட்டை மூட வேண்டும். இரண்டு பேர் வேலை. மேலே இருப்பவரின் காலை நம்பிக் கீழே இருப்பவர் படுக்கிற வேலை.

நாகரத்தினம் சமையலறை வாசலில் நின்றாள். “இந்துமதியைக் கூப்புடட்டுங்களா?”

“ஓட்டிக்கிட்டுப் போனவ வேண்டாம்.”

“நானுந்தானுங்க கூடப் போனேன்.”

“தெரியும்,” என்றார். “ஏறு.”

அவள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் அடியில் போய் மல்லாந்து படுத்தார். என்ஜின் உறுமியது. பிரேக் பிடித்த சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. முகம் தெரியாமல் குரல் மட்டும் தெரிகிற அந்த நிலையில், ரிவர்சு என்றார், போட்டாள். நியூட்ரல் என்றார், போட்டாள். டிரைவ் என்றார், போட்டாள்.

“அவன் என்னைக் கேட்டானா?” என்றார்.

“கேக்கலைங்க. ஒருநாளும் கேக்கல.”

“சரி. ரிவர்சு போடு.”

“ஆனா கப்பலு வந்து நிக்கிற சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசலுக்கு வருவாருங்க,” என்றாள் நாகரத்தினம். “நடக்க முடியாத காலத்துலயும் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வருவாரு. வந்து, டிரைவர் சீட்டுல யாரு இருக்கறதுன்னு குனிஞ்சு பாப்பாரு. இந்துமதி இருப்பா. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிருவாருங்க. எல்லாச் சனிக்கெழமையும் அப்படித்தான்.”

மருதாசலத்தின் கையில் போல்ட் இருந்தது. ஊற்றும் வாயில் எண்ணெய் திரண்டு, கனத்து, மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது.

“இதை நீ என்கிட்டச் சொல்லலை.”

“எந்தப் பேரை வெச்சுச் சொல்றதுங்க?” என்றாள். அவள் அழுகிறாள் என்பது பிரேக் விட்டு விட்டுப் பிடித்ததில், சக்கரங்கள் அந்தரத்தில் நின்று நின்று சுழன்றதில் தெரிந்தது.

எண்ணெய் நூலானது. சரியாக இந்த நேரத்தில் மூட வேண்டும். மருதாசலம் மூடவில்லை. செக்கச்செவேலென்று, ஒரு தூசி தும்பு இல்லாமல், இதுவரை எங்கும் போய் வராத அந்தப் புது எண்ணெய் அவருடைய மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடிச் சிமெண்டுத் தரையில் சொட்டியது.

“மூடியாச்சுங்களா?” என்று மேலிருந்து கேட்டாள் நாகரத்தினம். “ஏனுங்க, மூடியாச்சுங்களா?”

அவர் தலையைத் திருப்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமாவது கிளம்பும், கேட்டுப் பக்கம் கொஞ்சம் சாயும், ஒரு விரற்கடையாவது நகரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விழுந்த இடத்தை விட்டு அது அசையவில்லை.